சும்மா கேட்கத் தெரியாத அக்கா

அவரிடம் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அவரோடு பழகிய எல்லாருக்கும் இருந்த புகார் அதுதான். ஐந்தாறு வருடம் தினமும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போன எனக்கு அந்தப் புகார் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்.

மலேசியாவில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பக்கம் இருந்த ஓர் இடைநிலைப் பள்ளியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கணிதம். அவர் தமிழ், பள்ளி நேரம் முடிந்த பிறகு ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியமும் நடத்துவார். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். பள்ளியில் மலாய் ஆசிரியைகளுக்கும் சீன ஆசிரியைகளுக்கும்கூட அவர் ‘அக்கா’தான். முன் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு உட்காருவார். நான் பேச ஆரம்பித்து நாலு வாக்கியம் போவதற்குள் கையைத் தூக்குவார்.

“நில்லு. இது யாரோட நோக்குநிலை?”

முதல் தடவை எனக்குப் புரியவே இல்லை. என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கியிருந்த சமயம் அது. சமையலில் உப்பு கூட, துணி காயப்போட்டது சரியில்லை, பிள்ளையை அதிகமாக அதட்டுகிறேன் என்று தினமும் ஏதாவது ஒன்று. அன்றைக்குக் காலையில் அழுகையை அடக்கிக்கொண்டு காரை ஓட்டியபடி அவரிடம் கொட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீ சொல்றதுல உன் மாமியா ஒரு தடவகூட தனியா இல்ல. நீ உள்ள வாரப்பதான் அவங்க பேசுறாங்க. நீ வெளிய போனதும் அவங்க என்ன செய்றாங்க? அது உனக்குத் தெரியாது. தன்மைக் கதைசொல்லிக்கு அந்தக் குறை எப்பவும் இருக்கும்.”

“அக்கா, நான் ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.”

“ஆறுதல் வேணும்னா ஆறுதல் வேணும்னு சொல்லு, தாரேன். கதையா சொன்னா நான் கதையாத்தான் கேப்பேன்.”

அன்றைக்குப் பள்ளி போய்ச் சேரும்வரை நான் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். தினமும் ஒரே குரலில், ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்: பிள்ளைகளின் முடி, பிள்ளைகளின் சப்பாத்து, ஆசிரியர்களின் நேரம். அக்கா அவரைத் தட்டைப் பாத்திரம் என்று சொல்லிவிட்டார், அதுவும் ஆசிரியர் அறையில், நாலு பேர் கேட்க. “நாளைக்கு இவரு என்ன சொல்வாருன்னு எனக்கு இன்னைக்கே தெரியும். கதையில இப்படி ஒரு ஆள் போதும், ரெண்டு பேரு இருந்தா தாங்காது லா.” அந்தச் செய்தி அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? அந்த வருடம் முழுவதும் அக்காவுக்கு மதிய நேரத்துக் கடைசிப் பாடங்களாகவே அட்டவணையில் விழுந்தன. அவரோடு திரும்ப வேண்டிய நானும் காத்துக் கிடந்தேன்.

ஒருநாள் அறிவியல் கூடத்துக்குப் பின்னால் அதே மனிதர் தனியாக நின்று அழுதுகொண்டிருந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். பள்ளியில் பல வருடமாகச் சுற்றித் திரிந்த ஒரு கிழட்டு நாய் அன்றைக்குக் காலையில் செத்துப் போயிருந்தது. அதற்குத் தினமும் சோறு வைத்தவர் அவர்தான் என்பது யாருக்கும் தெரியாது. அக்காவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. வேறு யாராக இருந்தாலும் தான் சொன்னது பொய்யாகிவிட்டதே என்று வெட்கப்பட்டிருப்பார்கள். இவர் சிற்றுண்டிச் சாலையில் சூடாக இரண்டு காரிபாப் வாங்கிக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். “முழுப் பாத்திரமாயிட்டாரு,” என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அப்போதெல்லாம் இவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அந்தப் பிடிப்பு நிலைக்க விடமாட்டார்.

எங்கள் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் கணவர் சாலை விபத்தில் இறந்துபோனார். வீடு நிறையக் கூட்டம். அந்தப் பெண் வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். “காலையில வேலைக்குப் போறப்ப வாசல் கேட்டுக்கிட்ட நின்னு திரும்பித் திரும்பிப் பாத்தாரு. எப்பவும் பாக்க மாட்டாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு.” எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஆனால் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இல்லம்மா. அவருக்குத் தெரியாது. முன்னுணர்த்தல் கதையிலதான் வரும். எழுதுறவனுக்கு முடிவு தெரியும், அதனால முன்னாலயே ஒரு அடையாளத்த வச்சிட்டுப் போவான். உன் வீட்டுக்காரரு எப்பவும் போலத்தான் போனாரு. சாதாரணமாத்தான் பாத்தாரு.”

அந்தப் பெண் கையை உருவிக்கொண்டார். நான் அக்காவை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

“ஏன் அக்கா இப்படி? அவளுக்கு அது ஒரு பிடி. அதப் போய் புடுங்குறீங்களே.”

“அந்தப் பிடிய வச்சிக்கிட்டுத்தான் அவ நாளைக்கு அழப்போறா. ‘திரும்பித் திரும்பிப் பாத்தாரே, நான் ஏன் போகாதீங்கன்னு சொல்லல’ன்னு கேப்பா. பதில் இருக்குமா அதுக்கு?”

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். பின்னால் யோசித்துப் பார்த்தபோது சரி என்றே எனக்குப் பட்டது. ஆனால் சரியாக இருக்கிறது என்பதற்காகப் பிணம் கிடக்கும் வீட்டில் அதைச் சொல்ல வேண்டுமா? அந்தப் பெண் அதற்குப் பிறகு அலுவலகத்தில் அக்காவைப் பார்த்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். அக்கா அதற்கு வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இலக்கியப் பாடம் என்றால் வரையறைகள்தான். கருப்பொருள் என்றால் இது, கதைப்பின்னல் என்றால் இது, உச்சம், சிக்கல், தீர்வு என்று மற்ற பள்ளிகளில் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். புள்ளிகளும் வரும். அக்கா மனப்பாடத்துக்கு விட மாட்டார். “உச்சம்னா என்னன்னு எனக்குச் சொல்லாத. உன் வீட்டுல போன வாரம் எப்ப உச்சம் வந்துச்சு, அதச் சொல்லு,” என்பார். பிள்ளைகள் முழிக்கும். பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். ஒரு தகப்பனார் பள்ளிக்கே வந்து, “டீச்சர், என் வீட்டு விசயம் எதுக்கு உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். அதற்கும் அவர் மாறவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் நாடகம் எழுதித் தரும்படி கேட்டேன்.

என் அப்பா அப்போது, நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் இருந்தார். கோலா கங்சார் போகும் வழியில் உள்ளே போக வேண்டும். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுப் பல காலம் ஆகியிருந்தது. பிறகு தோட்டம் கைமாறியது. வாங்கிய கம்பெனி அங்கே தாமான், அதாவது புதுக் குடியிருப்பு, கட்டப் போவதாகவும், லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. மிச்சமிருந்த நம் குடும்பங்கள் மாற்று வீடு கேட்டுப் போராடின. அதற்கு ஒரு குழு. அதற்குத் தலைவர் என் சித்தப்பா. அந்த வருடக் கோயில் திருவிழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர், எங்கள் வாயில் ‘ஒய்பி’, வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நம் கஷ்டத்தை நாடகமாகப் போட்டுக் காட்டினால் மனம் இரங்குவார் என்று சித்தப்பா நினைத்தார். “ஒன் ஸ்கூல்ல அந்த டீச்சர் இருக்காங்கல்ல, அவங்களக் கேளேன்,” என்றார்.

அக்கா உடனே ஒத்துக்கொண்டார். அதிலேயே நான் பயந்திருக்க வேண்டும்.

சனி, ஞாயிறுகளில் லயத்துக்கு வந்து ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து கேட்டார். அப்பா அவருக்குப் பால் விடாத தே ஓ போட்டுக் கொடுத்துவிட்டு, தான் ஒரு காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியை எதிர்த்துப் பேசிய கதையைச் சொன்னார். சித்தப்பா, கம்பெனி ஆளோடு தான் மேசையைத் தட்டிப் பேசியதைச் சொன்னார். பக்கத்து வீட்டு அத்தை, தான் தனியாகக் கோயிலைக் காப்பாற்றியதைச் சொன்னார். திரும்பி வரும்போது காரில் அக்கா சொன்னார்: “ஊர்ல எல்லாரும் முதன்மைப் பாத்திரம். துணைப்பாத்திரம் ஒருத்தரும் கிடையாது.” நான் சிரித்தேன். பிறகு அவர் கேட்டார்:

“அந்தக் கடைசி வீட்டுல இருக்கிறது யாரு?”

கடைசி வீடுகளில் பங்களாதேசிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். செம்பனைக் குலை வெட்டுகிற வேலை அவர்களுக்கு. அவர்களில் ஒருவன் நாங்கள் போகும்போதெல்லாம் வாசலில் கைலியோடு உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருப்பான். ஒல்லியான ஆள், லேசாகக் காலைச் சாய்த்து நடப்பான்.

“வேலைக்கு வந்தவங்க அக்கா. பங்களாக்காரங்க.”

“அவங்களும் காலி பண்ணணுமா?”

“பண்ணணும்தான்.”

“அவங்களுக்கு வீடு?”

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவர் வீட்டு வாசலில் இறங்கும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் அப்படி அமைதியாக இருந்தால் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

நாடகத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்துக் குழுவுக்குப் படித்துக் காட்டினார். நன்றாகவே இருந்தது. அப்பாவின் பேச்சு, அத்தையின் பேச்சு எல்லாம் அப்படியே வந்திருந்தன. சித்தப்பாவுக்கே கண் கலங்கியது. ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் பேசாத ஓர் ஆள் குறுக்கே போய்க்கொண்டிருந்தான், செம்பனைக் குலை தூக்கிக்கொண்டு, தண்ணீர் வாளியோடு. கடைசிக் காட்சியில் எல்லாருக்கும் வீடு கிடைத்து உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவன் மட்டும் மேடையின் முன்விளிம்பில், வீட்டுக்கு வெளியே, மூட்டையோடு நிற்கிறான். நாடகம் முடிகிறது.

சித்தப்பா கேட்டார்: “யாரு டீச்சர் அது?”

“கடைசி வீட்டுல இருக்கிறவரு.”

“நம்ம கதையில பங்களாக்காரனுக்கு என்ன வேல?”

“நீங்க எல்லாரும் உங்க கதைய எனக்குச் சொன்னீங்க. ஒருத்தர்கூட அவரச் சொல்லல. மரம், ரோடு, தண்ணித் தொட்டி எல்லாத்தையும் சொன்னீங்க. ஒரு மனுசன பின்னணியா வச்சிட்டீங்க அண்ணே. பின்னணி வேற, பாத்திரம் வேற.”

“டீச்சர், எங்களுக்கு வீடு வேணும். பாடம் வேணாம்.”

“உங்க தாத்தா கப்பல்ல வந்தப்ப அவரையும் இப்படித்தான் வச்சிருந்தாங்க.”

மண்டபத்தில் சத்தம் எழுந்தது. எங்க தாத்தாவும் அவனும் ஒண்ணா என்று ஒருவர் எழுந்து நின்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அக்காவின் மேல் வந்த கோபத்தை என்ன சொல்ல. அவர் மாதம் முடிந்தால் சம்பளம் வாங்குகிறவர், சொந்த வீட்டில் இருக்கிறவர். என் அப்பா எழுபது வயதில் எங்கே போவார் என்று தெரியாமல் இருக்கிறார். இந்த நேரத்தில் பின்னணிக்கும் பாத்திரத்துக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். “ஒரு வார்த்தகூடப் பேச மாட்டான். நிக்க மட்டும் விடுங்க.” திருவிழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, வேறு நாடகம் கையில் இல்லை. சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த வேடம் போட லயத்துப் பையன்கள் ஒருவரும் முன்வரவில்லை. அக்கா நேராகக் கடைசி வீட்டுக்குப் போய் அவனையே கேட்டார். மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். பேச வேண்டாம், நின்றால் போதும் என்று இவர் சொல்ல, அவன், “போலே, போலே,” என்றான். முடியும் என்று. ஒத்திகைக்கு வேலை முடிந்து, குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வருவான். வந்து, அக்கா காட்டிய இடத்தில் நிற்பான்.

திருவிழா அன்று மாலை நாடகம் நன்றாகவே நடந்தது. அத்தையின் காட்சியில் பெண்கள் அழுதார்கள். கடைசிக் காட்சியில் அவன் மூட்டையோடு வந்து மேடையின் முன்விளிம்பில் நின்றான். கூட்டத்தில் சிலர் கைபேசியில் படம் எடுத்தார்கள். திரை விழுந்தது, கைதட்டல். சட்டமன்ற உறுப்பினர் மேடையேறிப் பேசினார். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, மேலிடத்தில் பேசுகிறேன் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “கடைசியில வெளிய ஒருத்தரு நின்னாரே, அவரு யாரு, புது வீட்டுக்கு ஜாகாவா?” என்று கேட்டார். காவல்காரனா என்று கேட்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கா பதில் சொல்ல எழுந்தார். சித்தப்பா ஒலிபெருக்கிக்காரருக்குக் கையைக் காட்டினார். சாமி பாட்டு அலற ஆரம்பித்தது. அக்காவின் வாய் அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஈப்போவுக்குத் திரும்பும்போது அவர் சொன்னார்: “பேச விட்டிருக்கணும். மௌனம் ஒரு உத்தி. எதிர்ல இருக்கிறவன் கேக்கத் தெரிஞ்சவனா இருந்தாத்தான் அது செல்லும். நான் தப்பான உத்திய எடுத்துட்டேன்.”

நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.

“அக்கா, எங்க அப்பாவுக்கு வீடு கிடைக்கணும். உங்க உத்திய வச்சி நான் என்ன செய்யட்டும்? ஒய்பிக்குக் கோவம் வந்திருந்தா? எல்லாம் போயிருக்கும் தெரியுமா? ஒங்களுக்கு எல்லாரும் பாத்திரம்தான். எங்க அப்பாகூட.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் நான் அவரிடம் எதையும் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் தங்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தைப்பிங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தீபாவளிக்கு அவர் ஒரு வாழ்த்து அனுப்புவார், பொங்கலுக்கு நான் ஒன்று. அவ்வளவுதான்.

வீடு கிடைத்தது. உடனே இல்லை; இழுத்தடித்து, கோரிக்கை மேல் கோரிக்கை வைத்து, சித்தப்பா இரண்டு தடவை மருத்துவமனையில் படுத்து எழுந்த பிறகு, தாமானின் ஒரு மூலையில் நம் குடும்பங்களுக்கு வரிசை வீடுகள் கிடைத்தன. அதற்கு முன்பே ஒரு காலையில் கடைசி வீடுகளில் இருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அப்பா வீடு மாறிய அடுத்த வாரம் லயத்தை இடித்தார்கள்.

அப்பாவுக்குப் புது வீட்டில் சொல்வதற்கு ஒரே கதைதான், வீடு கிடைத்த கதை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் நாடகமும் வரும். அத்தை அழுததும், ஒய்பி மனம் இரங்கியதும். கடைசிக் காட்சியை மட்டும் விட்டுவிடுவார். எனக்கு அது தெரியும். நானும் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

போன வருடம் ஒரு மதியம், யாரோ உறவுக்காரர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். வெளியே அந்தத் தெருவில் சாக்கடை வெட்டிக்கொண்டிருந்த ஆட்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அன்னைக்கு மேடையில நின்னானே, அவன் பேரு என்னாம்மா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. நடித்தவர்கள், அத்தை, யாருக்கும் தெரியவில்லை. அப்பா விடவில்லை. சாப்பிடும்போதும் கேட்டார், நான் கிளம்பும்போதும் கேட்டார். “கடைசி வீட்டுல மூணு வருசம் இருந்தான். பேரு இல்லாமயா இருந்திருப்பான்?”

நான் அக்காவை அழைத்தேன். அவருக்கு நிச்சயம் தெரியும். அந்த ஊரில் அவனிடம் நின்று பேசிய ஒரே ஆள் அவர்தான். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பின்னால் தைப்பிங் மழைச் சத்தம். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டேன்.

அவர் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“நான் அவரு பேரக் கேக்கல,” என்றார். “நாடகத்துல ‘ஒருவன்’னு எழுதியிருந்தேன். அப்புறம்... கேக்கவே இல்ல.”

எனக்கு அப்படியே ஆத்திரம் பொங்கியது. மண்டபத்தில் என் அப்பாவை, சித்தப்பாவை எல்லாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர். என்ன சொல்லலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்: “சனிக்கெழம ஃப்ரீயா நீ? நான் பஸ்ல வந்துடுறேன்.”

வந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. காரில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பழைய தோட்டத்து முனையில் ஆரம்பித்து, பக்கத்தில் இருந்த செம்பனைத் தோட்டங்களுக்கெல்லாம் போனோம். வேலை வாங்குகிற மண்டோர் ஒருவர், “பேரு இல்லாம எப்படித் தேடுறது டீச்சர்? எல்லாரும் ஒல்லியாத்தான் இருப்பானுங்க,” என்றார். கால் சாய்த்து நடப்பான் என்று அக்கா சொன்னார். “குலை தூக்குறவன் எல்லாரும் அப்படித்தான் நடப்பான்.” கேட்ட எல்லா இடத்திலும் அதே பதில்.

கடைசியில் தோட்டத்துச் சந்தியில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், வயதானவர். பல வருடமாக அந்தத் தொழிலாளர்கள் சாப்பிடும் கடை அது. நாடகம் என்றதும் அவர் முகம் மாறியது.

“கோயில் நாடகத்துல நின்ன ஆளா? நல்லாத் தெரியுமே. ஒரு மாசம் அதயேதான் பேசிக்கிட்டு இருந்தான். யாரோ எடுத்த போட்டோ அவன் போன்ல இருந்துச்சு. வாரவன் போறவன்கிட்ட எல்லாம் காட்டுவான். இந்தா, இந்த மேசையிலதான் ஒக்காந்து ஊருக்கு, பொண்டாட்டிக்கு அனுப்பினான். அவனுங்க பாசை எனக்குக் கொஞ்சம் புரியும். நான்தான் ஹீரோன்னு சொன்னான்.” அவர் சிரித்தார். “பின்னால வீட்டுக்குள்ள ஒக்காந்திருக்கிறவங்க யாருன்னு அவ கேட்டுருப்பா போல. அவங்க எல்லாம் சும்மா, எனக்குப் பின்னால இருக்கிறதுக்கு வச்சிருக்காங்கன்னான்.”

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. மேசையின் மேல் இருந்த அவர் கை மட்டும் எனக்குத் தெரிந்தது.

“அவரு பேரு என்னண்ணே?” என்று அக்காதான் கேட்டார்.

கடைக்காரர் யோசித்தார். உள்ளே திரும்பி ரொட்டி போடுகிறவரிடம் கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“நாங்க அவன ‘பாய்’ன்னு கூப்புடுவோம், அவன் எங்கள ‘பாய்’ம்பான். பேருன்னு... இல்ல டீச்சர், ஞாபகம் இல்ல.”

அக்கா எழுந்து, தே ஓவுக்குக் காசு கொடுத்தார். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் சாவியைத் திருகுவதற்கு முன்னால், “சிலிம் ரிவர் பக்கம் இருக்கிற தோட்டத்துக்கு நெறைய பேரக் கொண்டு போனாங்களாம். நாளைக்குப் போலாமா?” என்றார்.

“நாளைக்கு எனக்கு வீட்டுல வேல இருக்கு அக்கா.”

“அப்ப அடுத்த சனி.”

சிலிம் ரிவர் எங்கே இருக்கிறது, ஈப்போ எங்கே இருக்கிறது. அங்கே எத்தனை தோட்டம், எத்தனை ஒல்லியான ஆட்கள். அவன் இந்த நாட்டில் இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது. இதையெல்லாம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் ஏற்கெனவே கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ரோட்டோரம் குலை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காரை மெதுவாக ஓட்டினேன்.